பாரிஸ் போன லாத்தா

ஜொகூர் பாருவில் காலைச் சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நாசி லெமாக் விற்கும் மக்சிக் (மலாய்ப் பெரியம்மா) இலைத்துண்டின் மேல் சோற்றைக் குவித்து, ஓரத்தில் சம்பலும் நெத்திலியும் வைத்து, பழுப்புத் தாளைக் கூம்பாக மடித்துக்கொண்டிருப்பார். பின்னாலிருந்து தெரிந்தவர் யாரோ வந்து விலாவில் ஒரு விரலால் குத்துவார். மக்சிக் துள்ளுவார். கரண்டி எங்கோ போய் விழும். 'ஓப்போச்சோட்!' என்று ஒரு கத்தல். அதன் வாலாக, நாலு பேர் முன்னால் அவர் ஒருநாளும் சொல்லமாட்டாத ஒரு கெட்ட வார்த்தை. 'ஆடு!' என்றால் கை தானாக ஆடும். சுற்றி நிற்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அடுத்த பொட்டலத்துக்கு ரப்பர் வளையம் போடும்போது பார்த்தால் விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கும்.

'அவங்களுக்கு லாத்தா' என்பார்கள் மலேசியத் தமிழர்கள். இடிச் சத்தத்துக்கு அலறும் பாட்டியையும் இந்தச் சொல்லால் கேலி செய்வதுண்டு. ஆனால் மலாய்க்காரர்கள் சொல்லும் லாத்தா வெறும் பயந்த சுபாவம் இல்லை. திடுக்கிட்ட கணத்தில் வாய் கட்டுமீறிப் பேசும். எதிரில் இருப்பவர் செய்வதை உடம்பு அப்படியே செய்யும். போடும் கட்டளைக்குக் கீழ்ப்படியும். பெரும்பாலும் நடுவயது தாண்டிய பெண்களிடம் காணப்படுவது இது. தீபகற்பத்தில் மட்டுமல்ல, ஜாவாவிலும் இதே பெயரில் இருக்கிறது.

சந்தையில் விளையாட்டாக விழும் இந்தக் குத்து, ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்னால் கடல் கடந்து பாரிஸ் வரை போயிருக்கிறது. அங்கே ஒரு மருத்துவ ஆய்விதழில் அச்சாகி, இன்றும் உலகம் முழுக்க மருத்துவர்கள் உச்சரிக்கும் ஒரு நோயின் பிறப்புக் கதைக்குள் நுழைந்திருக்கிறது.

முதல் படி சிங்கப்பூரில். 1877-இல் அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரிகளும் பாதிரிமார்களும் வணிகர்களும் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். மறு ஆண்டே அது ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் நீரிணைக் கிளை ஆனது. 1878-இல் இதழும் வெளிவரத் தொடங்கியது. ஆறு, மலை, ஈயம், பாம்பு, பேய், பழமொழி என எதையும் விட்டுவைக்காத இதழ் அது. ஜொகூரின் எண்டாவ் ஆற்றில் படகேறிப் போன டி. எஃப். ஏ. ஹெர்வி, ஆற்றையும் அதன் கிளைகளையும் பற்றி 1881-இல் எழுதியது அதில்தான். ஒரு நிலத்தை ஆள வேண்டுமானால் அதன் ஆறுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்குள்ள மனிதர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அதிகாரிகளின் நோட்டுப் புத்தகங்களில் இரண்டும் அருகருகே இருந்தன.

1883 ஜூனில் வந்த 11-ஆம் இதழில் எச். ஏ. ஓ'பிரையன் என்ற அதிகாரி 'லாத்தா' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். பத்துப் பக்கம் அளவுதான். லாத்தாவைப் பற்றி அதற்கு முன்னும் பயணிகள் அங்கொரு வரி இங்கொரு வரி எழுதியதுண்டு. நிதானமாக உட்கார்ந்து, தான் பார்த்ததையும் கேட்டதையும் வகைப்படுத்தி எழுதியவர் இவர்.

அவர் சொல்லும் சம்பவங்களில் இரண்டைப் படித்தவர்கள் எளிதில் மறக்க முடியாது.

மதிப்பான ஒரு மலாய் மூதாட்டியை ஒருவர் அவரிடம் அறிமுகம் செய்துவைக்கிறார். பத்து நிமிடம் பேசுகிறார்கள். பேச்சில் எந்தக் கோளாறும் இல்லை. திடீரென்று அழைத்து வந்தவர் தன் கோட்டைக் கழற்றி எறிகிறார். மூதாட்டி துள்ளி எழுந்து தன் மேலாடையான கெபாயாவைக் கிழித்துக் கழற்றத் தொடங்குகிறார். ஓ'பிரையன் தடுக்கப் பார்த்தும் முடியவில்லை. அரை நிமிடத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. ஆனால் ஓ'பிரையனை அதிகம் உலுக்கியது அந்த அம்மாளின் கோபம். ஆடைகளைக் களைந்துகொண்டிருக்கும்போதே, தன்னை இப்படி ஆக்கிய ஆளைப் பன்றி என்று திட்டி, அவனைக் கொன்றுபோடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாராம். கை ஒரு பக்கம், மனம் இன்னொரு பக்கம்.

இரண்டாவது, ஒரு கப்பல் சமையற்காரரின் கதை. கரையோரம் ஓடும் நீராவிக் கப்பல். சமையற்காரருக்குக் கடுமையான லாத்தா. ஒருநாள் அவர் தன் குழந்தையைத் தூக்கிப் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார். மாலுமி ஒருவன் எதிரே வந்து நின்று ஒரு விறகுக் கட்டையைக் குழந்தைபோல் தாலாட்டுகிறான். கட்டையை மேலே வீசிப் பிடிக்கிறான்; இவரும் குழந்தையை வீசிப் பிடிக்கிறார். பிறகு மாலுமி கையை விரித்துக் கட்டையைத் தளத்தில் விழவிடுகிறான்.

குழந்தை அங்கேயே இறந்தது.

இப்படிப்பட்ட பக்கங்களைச் சுமந்த அந்த இதழ் அடுத்த ஆண்டுக்குள் பாரிஸில் ஒருவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மேசை சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்தது. ஏழைகளும் முதியவர்களும் மனநோயாளிகளுமாக ஆயிரக்கணக்கான பெண்கள் அடைந்து கிடந்த பெரிய வளாகம் அது. அதன் தலைமை மருத்துவர்களில் ஒருவரான ழான்-மர்தேன் ஷார்க்கோ அங்கே நரம்பு மருத்துவத்தையே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் சொல்வதை உலகுக்குக் கொண்டுபோக ஓர் இதழ் வேண்டியிருந்தது. 1880-இல் அவர் தலைமையில் 'ஆர்ஷீவ் த நெரோலொழி' பிறந்தது. தமிழில் சொன்னால் நரம்பியல் ஆவணங்கள். ஆசிரியர் குழுவின் முதுகெலும்பு தெஸிரே-மக்லுவார் பூர்னவில். அச்சுக்கூடத்து மை வாசனை தெரிந்த மருத்துவர். 1873-இலேயே ஒரு மருத்துவ வார இதழைத் தொடங்கி நடத்தியவர். புதிய இதழின் முதல் தொகுதியிலேயே, மூளையில் கிழங்கு போன்ற கட்டிகள் தோன்றும் ஒரு நோயைப் பற்றி அவர் எழுதினார். அந்த நோய் வெகுகாலம் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது.

அப்போது பிரெஞ்சு மருத்துவத்தில் நரம்புக்கும் மனத்துக்கும் நடுவே வேலி போடவில்லை. நரம்பு, மனநோய் இரண்டையும் சேர்த்தே அந்த இதழ் தன் எல்லையாக அறிவித்துக்கொண்டது. தத்துவப் பேராசிரியர்களிடம் இருந்த மனத்தை மருத்துவமனைப் படுக்கைக்குக் கொண்டுவந்ததில் இதழ்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தியோதூல் ரிபோ 1876-இல் தத்துவ இதழ் ஒன்றைத் தொடங்கி அதில் புதிய உளவியலுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தார். ஷார்க்கோவின் இதழ் அதே வீட்டுக்குள் இன்னொரு வாசல் வழியாக நுழைந்தது.

ஷார்க்கோவின் மாணவர்களில் ஒருவர் ழார்ழ் ழில் த லா தூரெத், 1857-இல் பிறந்தவர், சுறுசுறுப்பான எழுத்துக்காரர். 1884-இல் ஆர்ஷீவின் எட்டாம் தொகுதியில் அவருடைய சிறு கட்டுரை ஒன்று வந்தது. தலைப்பில் மூன்றே சொற்கள், மூன்று நாட்டுச் சொற்கள்: 'ஜம்பிங், லாத்தா, மிரியாச்சித்'.

முதல் சொல் அமெரிக்காவின் மெய்ன் காட்டிலிருந்து வந்தது. அங்கே மரம் வெட்டும் பிரெஞ்சுக் கனடியர்களிடம், திடுக்கிட்டால் துள்ளுவதும் சொன்னதைச் சொல்வதுமான ஒரு பழக்கத்தை ஜார்ஜ் மில்லர் பியர்ட் என்ற மருத்துவர் 1880-இல் நேரில் போய்ப் பார்த்தார். லத்தீன் கவிதை வரிகளைச் சட்டென்று சொன்னபோது, அந்த மொழி அறியாத மரவெட்டி அதன் ஒலியையே திருப்பிச் சொன்னதாக எழுதினார். மூன்றாவது சொல் சைபீரியாவிலிருந்து வந்தது. உசூரி ஆற்றில் ஓடிய கப்பலின் பணியாளர் ஒருவர் எல்லாரையும் அச்சாகப் பின்பற்றியதை அமெரிக்கக் கடற்படையினர் குறித்து வைத்தார்கள்; மருத்துவர் வில்லியம் ஹாமண்ட் அதை 1884-இல் வெளியிட்டார். நடுவில் நின்ற சொல் நம்முடையது. ஓ'பிரையன் எழுதியதை ழில் த லா தூரெத் பிரெஞ்சில் சுருக்கிச் சொன்னார். மூன்றும் ஒன்றேதான் என்பது அவர் முடிவு.

அவர் மலாயாவைப் பார்த்ததே இல்லை. லாத்தா உள்ள ஒருவரோடும் பேசியதில்லை. மூன்று இதழ்களில் வந்த மூன்று கட்டுரைகளை அருகருகே வைத்துப் படித்தார், அவ்வளவுதான். இதில் ஒரு துணிச்சல் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மலாய்க்காரருக்கு மட்டுமே வரும் விசித்திரம் என்று சிங்கப்பூர் அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்த ஒன்றை, சைபீரியாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது, பிரான்சிலும் இருக்கும் என்று பொது மனித நோயாகப் பார்த்தவர் அவர்.

தேடினார், கிடைத்தது. 1885-இல் ஒன்பதாம் தொகுதியில் ஒன்பது நோயாளிகளைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். தசைகள் தன்னிச்சையாகத் துடிப்பது, பிறர் பேச்சை எதிரொலிப்பது, வாயில் கெட்ட வார்த்தை தெறிப்பது மூன்றும் கூடிய நோய். ஒன்பதில் ஒருவர் 1825-இல் மருத்துவர் இத்தார் எழுதிவைத்த ஒரு சீமாட்டி; உயர்குலத்துச் சபையில் இருந்தபடியே தெருச்சொற்களைக் கத்தியவர். இந்தக் கட்டுரைத் தலைப்பின் அடைப்புக்குறிக்குள்ளும் லாத்தா என்ற சொல் இருந்தது. ஷார்க்கோ தன் மாணவரின் பெயரையே அந்த நோய்க்குச் சூட்டினார். இன்று பள்ளிப் பிள்ளைகள் பலருக்குக் கண்டறியப்படும் 'தூரெத்' அதுதான்.

லாத்தாவும் தூரெத்தும் ஒன்று என்ற அவருடைய கணிப்பு நிற்கவில்லை. தூரெத் சிறுவயதில் தொடங்குவது. யாரும் குத்தத் தேவையில்லை, தானாகவே துடிக்கும். லாத்தாவுக்கு ஒரு குத்தோ சத்தமோ வேண்டும். அதாவது, இன்னொரு ஆள் வேண்டும். பாரிஸ் கட்டுரை கவனிக்கத் தவறியது அந்த இன்னொரு ஆளைத்தான். துள்ளுகிறவரின் நரம்பில் என்ன கோளாறு என்று தேடிய கண்களுக்கு, விறகுக் கட்டையோடு எதிரே நின்ற மாலுமி தெரியவில்லை.

தெரியாமல் போனதற்கு ஷார்க்கோவின் கூடத்திலேயே காரணம் இருந்தது. அங்கே ஹிஸ்டீரியா உள்ள பெண்களை அறிதுயிலில் ஆழ்த்தி, கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவதை, சிலைபோல் நிற்கச் சொன்னால் நிற்பதைப் பார்வையாளர் முன்னிலையில் காட்டினார்கள். நரம்பு நோயின் விதிப்படி நடப்பதாக ஷார்க்கோ நம்பினார். அதே வேலையில் இருந்த இளைஞர்களில் ஒருவர் ஆல்ஃபிரெட் பினே. பாரிஸ் நூலகத்தில் தானாகப் படித்து உளவியலுக்கு வந்தவர். பெல்ஜியத்திலிருந்து வந்து பார்த்த உளவியலாளர் தெல்போஃப், இந்தப் பெண்கள் மருத்துவர் எதிர்பார்ப்பதைத்தான் செய்து காட்டுகிறார்கள் என்று எழுதினார். பினே முதலில் எதிர்த்து வாதாடினார், பிறகு தோல்வியை ஒப்புக்கொண்டார். இளம் வயதில் பட்ட அந்த அடி அவருக்கு வாழ்நாள் பாடமாயிற்று.

அந்தப் பாடத்தின் மேல்தான் பிரெஞ்சு உளவியலின் புகழ்பெற்ற இதழ் எழுந்தது. 1894-ஆம் ஆண்டுக்கான தொகுதியோடு ஆன்றி போனியும் பினேயும் சேர்ந்து 'லானே சிக்கோலொழிக்'கைத் தொடங்கினார்கள். பெயருக்கு 'உளவியல் ஆண்டு' என்று பொருள். ஆண்டுக்கு ஒரு தடித்த புத்தகம்: சோர்போன் சோதனைக்கூடத்தின் ஆய்வுகள், உலகில் வேறெங்கும் வந்தவற்றின் சுருக்கம், நூற்பட்டியல். 1898-இல் தலையின் அளவுக்கும் அறிவுக்கும் தொடர்பு உண்டு என்று பினே அதில் உறுதியாக எழுதினார். பிறகு பள்ளிகளில் பிள்ளைகளின் தலையை அளந்துகொண்டே போனபோது வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதைவிட முக்கியம், மந்தமான பிள்ளை என்று முன்கூட்டியே தெரிந்தால் தன் கை தன்னையறியாமல் தலையைச் சிறிதாக அளந்துவிடுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்து, தன் பிழையைத் தன் இதழிலேயே அச்சிட்டார். பின்னர், 1905-இல், தியோதோர் சிமோனோடு சேர்ந்து 30 கேள்விகள் கொண்ட அறிவுத்திறன் சோதனையை அவர் வெளியிட்டதும் அதே இதழில்தான். உலகம் அந்த 30 கேள்விகளை நினைவில் வைத்திருக்கிறது. அளப்பவரின் கையையும் அளக்க வேண்டும் என்று அவர் காட்டிய பக்கங்கள் அதற்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல.

மலாயாவில் அந்தத் தெளிவு வர வெகுகாலம் ஆனது. சிங்கப்பூர் மனநலக் காப்பகத்தின் கண்காணிப்பாளர் கில்மோர் எல்லிஸ் 1893-இல் அமோக் என்ற கொலைவெறி பற்றியும் 1897-இல் லாத்தா பற்றியும் லண்டனிலிருந்து வந்த மனநல மருத்துவ இதழில் எழுதினார். லாத்தாவை மலாய்க்காரரின் மனநோய் என்றே தலைப்பில் போட்டார். காலனி அதிகாரிகளான ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் 1895-இலும் ஹியூ கிளிஃபோர்ட் 1898-இலும் தங்கள் நூல்களில் லாத்தாவுக்கு இடம் கொடுத்தார்கள். இனத்தின் இயல்பு என்று ஒரே வரியில் முடித்துவிடும் வசதி அந்தக் கால எழுத்துகளுக்கு இருந்தது. ஒரு தோட்டத்துரையோ அதிகாரியோ சமையல் அறையில் வேலை செய்யும் பெண்ணைச் சீண்டிப் பார்ப்பது அந்த வீட்டு விருந்தாளிகளுக்கு வேடிக்கை. அவள் அதை மறுக்கக்கூடிய இடத்தில் இல்லை என்பது யாருடைய கோட்பாட்டிலும் இடம்பெறவில்லை.

இதை மாற்றத் தொடங்கியவர்களில் ஒருவர் மலாயாவைச் சேர்ந்த யாப் பவ் மெங் என்ற மனநல மருத்துவர். 1952-இல் அவர் எழுதிய நீண்ட ஆய்வு, பழைய சம்பவங்களையெல்லாம் ஒன்றுசேர்த்துப் புதிதாகப் பரிசோதித்தது. பண்பாட்டோடு கட்டுண்ட நோய்கள் என்ற எண்ணத்தை மருத்துவ உலகில் ஊன்றியவரும் அவரே. பிறகு 1968-இல் மானிடவியலாளர் ஹில்ட்ரெட் கீர்ட்ஸ் ஜாவா லாத்தாவை ஒரு புதிராக முன்வைத்தார்: ஜாவாப் பண்பாட்டின் அடக்க ஒடுக்கத்துக்கு இவ்வளவு பொருத்தமான மீறலாகத் தெரியும் இது, வேறு பண்பாடுகளிலும் எப்படித் தோன்றுகிறது?

அதன் பிறகு சண்டை மூண்டது. மானிடவியலாளர் மைக்கேல் கென்னி 1978-இல், லாத்தா நோயே இல்லை, ஓரங்கட்டப்பட்டவர்கள் தங்கள் நிலையை நடித்துக்காட்டும் ஒரு சமூக நாடகம் என்றார். மலாக்கா பக்கத்துக் கம்போங்கில் ஆய்வு செய்த மனநல மருத்துவர் ரொனால்ட் சைமன்ஸ் 1980-இல் மறுத்தார். திடுக்கிடுவது எல்லா மனிதருக்கும் உள்ள அனிச்சைச் செயல். சிலருக்கு அது இயல்பிலேயே அதிகம். அப்படிப்பட்டவரை ஊர் கண்டுபிடித்து, திரும்பத் திரும்பக் குத்தி, லாத்தாவாக வளர்க்கிறது என்றார். அவர் எடுத்த ஆவணப்படத்தில் துள்ளுகிறவர்களும் தெரிகிறார்கள், குத்துகிறவர்களும் தெரிகிறார்கள். கிளந்தானிலும் சரவாக்கிலும் அலைந்த மானிடவியலாளர் ராபர்ட் வின்சிலர் 1995-இல் எழுதிய நூல், ஓ'பிரையன் காலம் தொட்டு வந்த எழுத்தையெல்லாம் அலசியது.

இவர்களில் சைமன்ஸ் சொல்வதுதான் சந்தையில் நேரில் பார்ப்பதோடு நெருங்கி வருகிறது. ஒருவர் லாத்தா என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விடுகிறது. போகிற வருகிறவர்கள் எல்லாம் சோதித்துப் பார்க்கிறார்கள். பிரெஞ்சுக் கனடிய மரவெட்டிகள் விஷயத்திலும் இதையே கண்டார்கள். 1986-இல் கியூபெக்கின் போஸ் பகுதியில் முதிய மரவெட்டிகளைத் தேடிப் பிடித்து விசாரித்த மருத்துவர்கள், அந்தத் துள்ளல் குளிர்கால மர முகாம்களில் பழக்கத்தால் வந்தது என்றார்கள். மாதக்கணக்கில் காட்டுக்குள் அடைபட்ட ஆண்கள், பொழுது போக ஒருவரையொருவர் சீண்டிச் சீண்டி உண்டாக்கியது. முகாம்கள் மறைந்தபின் துள்ளலும் அருகிப்போனது.

ஜொகூரில் தம்போய் என்றாலே ஒரு தலைமுறைக்கு முன்புவரை மனநல மருத்துவமனை என்றுதான் அர்த்தம். 1937-இல் திறந்த அந்த வளாகம் இன்று பெர்மாய் மருத்துவமனை. கம்போங்கில் லாத்தாவை யாரும் தம்போய்க்கு அனுப்பும் சங்கதியாக நினைப்பதில்லை. லாத்தா உள்ளவர் சமைப்பார், வியாபாரம் பார்ப்பார், கல்யாண வீட்டில் முன்னால் நிற்பார். மருத்துவ உலகமும் ஒருவகையில் அந்தப் பக்கம் வந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1994 கையேட்டில், பண்பாட்டோடு கட்டுண்ட நோய்களின் பட்டியலில் லாத்தா இருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் பட்டியலில் அது இல்லை.

நீரிணைக் கிளையின் இதழ் மலேசியக் கிளையின் இதழாகப் பெயர் மாறி இன்றும் வெளிவருகிறது. பினேயின் இதழும் நிற்கவில்லை. பழைய தொகுதிகள் மின்னூலகங்களில் கிடைக்கின்றன. 1883 ஜூன் இதழை ஜொகூர் பாருவில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியில் திறந்து படித்துவிடலாம். அதே கைப்பேசியில் லாத்தா என்று தேடினால் காணொளிகள் வரிசை கட்டும்: கடையில், அடுக்களையில், பெருநாள் விருந்தில், யாரோ ஒரு மக்சிக்கை யாரோ பின்னாலிருந்து குத்துகிறார்கள். அவர் துள்ளுகிறார், கத்துகிறார், படம் பிடிப்பவரின் கை சிரிப்பில் ஆடுகிறது. பல காணொளிகள் அந்தச் சிரிப்போடு நின்றுவிடுகின்றன. ஓ'பிரையனின் பக்கத்தில், அந்த மூதாட்டி அடுத்து என்ன சொன்னார் என்பதும் இருக்கிறது.